ஐந்தரைப் புள்ளிக்கு ஒரு கால்

அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஏழாம் படியைத் தெரியும். பின்கட்டிலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற மரப்படிக்கட்டு அது. ஆறாம் படியில் நின்று, சுவரில் கையை ஊன்றி, எட்டாம் படிக்கு ஒரே எட்டு. ஈரத்துணி வாளியோடு ஏறினாலும் அப்படித்தான். விருந்தாளி யாராவது வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்போம், அடுத்து ஏழாம் படியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பர்மாத் தேக்கெல்லாம் முன்வீட்டோடு சரி, பின்கட்டுக்கு ஏதோ நாட்டு மரம் போட்டிருந்தார்கள். பலகையின் மேல்பக்கம் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கரையான் தின்று தீர்த்திருந்தது.

காரைக்குடியில் அப்போது நாங்கள் அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அறுபதுகளின் கடைசி. அப்பாவுக்குப் பக்கத்து ஊரான புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடை பார்க்கிற வேலை. அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். முன்கட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து வெகுகாலம், பிள்ளை கிடையாது. வாடகையை வாங்குவதும் வீட்டைக் கூட்டிப் பெருக்க வைப்பதும் அவர்தான். ஆனால் வீடு அவருடையது மட்டுமில்லை.

ஆச்சியின் இனத்தார் வழக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. அந்த வீட்டுக்குப் பங்காளிகள் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் மனைவி உண்டு. கூட ஆச்சி. ஆக ஐந்தரைப் புள்ளி. வீட்டுக்கு எந்தப் பொதுச்செலவு வந்தாலும் அதை ஐந்தரையால் வகுத்து எல்லோருக்கும் கடிதம் போட வேண்டும். எல்லோரும் சரி என்று பதில் எழுதினால்தான் ஓர் ஆணி அடிக்கலாம். மூன்று பேர் சென்னையில், இரண்டு பேர் மலேயாவில்.

"நாலு தரம் கடுதாசி போட்டுட்டேன்" என்பார் ஆச்சி. "மெட்ராஸ்காரவுகள்ல ரெண்டு பேரு சரிங்குறாக. மலேயாக்காரவுக பதிலே போடலை. ஒருத்தர், அந்தப் படியில யாரு ஏறப்போறான்னு எழுதியிருக்காக."

யார் ஏறப்போகிறார்களாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் ஐந்து பேர் தினமும் ஏறி இறங்குகிறோம், நாங்கள் என்ன கரப்பான்பூச்சியா? இதை நான் ஆச்சியிடமே கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை. "என்னைக் கேட்டா? நா அரைப்புள்ளி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சித்திரையில்தான் எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது. கல்லல் பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகா. ஊர் ஊராக நடந்துபோய் மாதர் சங்கம் நடத்த வேண்டும், பிள்ளை வளர்ப்பும் காய்கறித் தோட்டமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு வருஷம் வெளியூரில் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்திருந்தேன். அந்த ஒரு வருஷம்தான் நான் நிம்மதியாகத் தூங்கிய வருஷம். வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சும்மாவே வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். "பிள்ளையா இது, காலுல சக்கரம் கட்டி விட்டிருக்கு" என்று அம்மா சொல்வாள். நடப்பதற்குச் சம்பளம் தருகிறேன் என்று சர்க்காரே எழுதி அனுப்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்டரைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

வேலையில் சேரப் பதினொரு நாள் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் திடீரென்று வானம் இருட்டிப் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. முன்கட்டிலிருந்து ஆச்சி கத்தினார். "ஏடி, மழைடி! மேல மிளகா கெடக்குடி, ஓடுடி!" வருஷத்துக்கான மிளகாய், மாடி முழுக்கப் பரப்பியிருந்தது. நான் ஓடினேன். ஆறாம் படியில் நிற்க மறந்துபோனேன்.

பலகை பெரிதாகச் சத்தம் போடவில்லை. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். இடது கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது, உடம்பு பின்பக்கமாகச் சரிந்தது. கணுக்கால் மாட்டிய இடத்திலேயே திருகிக்கொண்டது. விழுந்து கிடக்கும்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு, அட மூதேவி, உனக்குத் தெரியுமே, என்பதுதான். என்னைத்தான் திட்டிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் மற்றவர்களைத் திட்டினேன்.

மாவுக்கட்டோடு இரண்டரை மாதம் கிடந்தேன். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் பாதம் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. நின்றால் தெரியாது. நடந்தால் தெரியும். இடது காலை வைக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். சேரவேண்டிய தேதி எப்போதோ போய்விட்டது. நான் படுத்துக்கொண்டே யூனியனுக்கு மூன்று மனு எழுதியிருந்தேன். கட்டுப் பிரித்த வாரம் மூன்றாவதற்குப் பதில் வந்தது. ஆவணி முடிவதற்குள், நடந்து வேலை பார்க்கத் தகுதி உண்டு என்று சர்க்கார் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், இல்லையென்றால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவோம். படித்தவுடன் எழுந்து நடந்தேன். அம்மா அலறினாள்.

ஆவணியில் பங்காளிகள் வீட்டில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து மூத்தவரும் அவருக்கு அடுத்த இளையவரும் ஒரு வாரம் முன்பே வந்திறங்கினார்கள். ஆச்சி அவர்களை விடவில்லை. கல்யாண வேலை தொடங்குவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைக்கு ஈடு பேசி முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவர் மிளகாய்க்காகத்தானே நான் ஓடினேன். அது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும், ஆனால் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

வளவில் உட்கார்ந்து பேசினோம். நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றித் தூண்கள். மூத்தவர் பாயில் உட்கார்ந்திருந்தார். இளையவர் தூணில் சாய்ந்திருந்தார். ஆச்சி கதவு நிலைக்குப் பக்கத்தில். அப்பா உட்கார மாட்டேன் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் ஒரு முக்காலி.

"நாங்க தட்டிக்கழிக்க வரலப்பா" என்றார் மூத்தவர். நல்ல மனிதர்தான், குரலே அப்படி இருந்தது. "நம்ம வீட்டுல விழுந்த பிள்ளை. என்ன செய்யணுமோ அதைக் கணக்காப் பேசிருவோம்."

இளையவர் என்னைப் பார்த்தார். "படி இத்துப்போனது ஒனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றேன். "உங்களுக்கும் தெரியும். ஆச்சி நாலு கடுதாசி போட்டாக."

"சும்மா இரு ஆத்தா" என்று அப்பா பதறினார்.

"அவ சொல்றது சரிதானே" என்றார் ஆச்சி. "யாரு ஏறப்போறான்னு எழுதுனது யாரு? இந்தா உக்காந்திருக்கா பாரு, ஏறுனவ."

இளையவர் முகத்தைத் திருப்பி எதிர்த்தூணைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஆஸ்பத்திரிச் செலவு, குதிரைவண்டி, பால், முட்டை எல்லாவற்றுக்கும் அப்பா சீட்டு வைத்திருந்தார். மூத்தவர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, கொடுத்துவிடலாம் என்றார். அடுத்தது கால். காலுக்கு எப்படி விலை போடுவது?

"அது கல்யாணத்துலதான் வந்து நிக்கும்" என்றார் மூத்தவர். "கால் இப்படி இருக்க பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுல பத்து பவுன் கூடக் கேப்பாக. அந்தக் கூடுதல் எவ்வளவோ அதுதான் ஈடு. என்னப்பா, சரிதானே?"

அப்பா தலையாட்டினார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"என் வேலை?" என்று கேட்டேன். "கல்லல்ல எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு. இத்தனை மாசச் சம்பளம் போச்சு. வேலையே போனாலும் போகும். அதுக்கு என்ன கணக்கு?"

மூத்தவர் சிரித்தார். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "நீ இன்னும் வேலையில சேரலையே ஆத்தா. சேராத வேலையில என்ன நட்டம்?"

"மாப்பிள்ளையும்தான் இன்னும் வரலை. அவருக்கு மட்டும் கணக்குப் போடுறீக?"

ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா என் தோளை அழுத்தினார், வலிக்க வலிக்க. என் பேச்சு யார் கணக்கிலும் ஏறவில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இளையவர், சரி, பத்து பவுன் என்றே வைத்துக்கொள்வோம் என்றார். மூத்தவர் விரலை மடக்கிப் பார்த்தார். "பத்தை அஞ்சரையால வகுத்தா ஒழுங்கா வராதே. பதினொண்ணுன்னு வையி. புள்ளிக்கு ரெண்டு, ஆச்சிக்கு ஒண்ணு. மலேயாவுக்கு எழுதவும் சுளுவு." உடனே எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. பதினொன்று! நல்ல எண் வேறு. என் கணுக்கால் ஒரு பவுன் ஏறிய காரணம் இதுதான். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கால் அவ்வளவாகக் கெட்டுப்போகவில்லையென்றால் அதில் பாதி, ஐந்தரை. புள்ளிக்கு ஒன்று, ஆச்சிக்கு அரை. ஏழு, எட்டு என்ற பேச்சே யார் வாயிலும் வரவில்லை.

அப்படியானால் பதினொன்றா, ஐந்தரையா? "எங்க, அங்குட்டு நடந்துட்டு வா பாப்பம்" என்றார் இளையவர். தூணிலிருந்து தூணுக்கு நடந்தேன். மூன்று பேரும் அப்பாவும் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார்களே, அப்படி. இளையவருக்கு லேசான பழுதாகத் தெரிந்தது. ஆச்சிக்குப் பெரிய பழுதாகத் தெரிந்தது. இன்னொரு தரம் நடக்கச் சொன்னார்கள். உடம்பெல்லாம் கூசியது, ஆனால் நடந்தேன்.

கடைசியில் மூத்தவர்தான் முடித்துவைத்தார். "நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? சர்க்கார் டாக்டர் எழுதட்டும். நிரந்தர ஊனம்னு எழுதுனா பதினொண்ணு. லேசுன்னா அஞ்சரை. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லை."

அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. என் முகம் மலரவில்லை. மூத்தவர் சொன்ன அதே சர்க்கார் டாக்டர்தான் எனக்கு வேலைக்கான தகுதிச் சான்றிதழும் தர வேண்டும். ஊனம் என்று அவர் எழுதினால் பதினொரு பவுன் வரும், வேலை போய்விடும். சரியாக நடக்கிறாள் என்று எழுதினால் வேலை வரும், ஒரு குன்றிமணி தங்கம் வராது. கால் ஒன்றுதான், டாக்டரும் ஒருவர்தான்.

டாக்டரைப் பார்க்க ஐந்து நாள் இருந்தது. பின்கட்டுக்கு வந்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"அங்க போயி நல்லா நொண்டு ஆத்தா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். நான் மாட்டேன் என்றேன்.

"பதினோரு பவுன் சேக்கணும்னா நா எத்தனை மூட்டை எடை போடணும்னு தெரியுமா? ஒனக்கு அப்புறம் ரெண்டு கெடக்கு. வேலை இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகச் சொல்லுவான். நகை எங்க போகும்?"

"நகையைப் போட்டுக்கிட்டு நா எங்க போவேன்? அடுப்படிக்கும் கொல்லைக்குமா?"

"எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் இருக்காக."

"நா இருக்க மாட்டேன்ப்பா. எனக்கு மூச்சு முட்டுது."

"மூச்சு முட்டுதாம்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

அப்பா ஆலைக்குப் போனதும் பகலெல்லாம் பழகினேன், நொண்டாமல் நடக்க. பின்கட்டின் நீளம் இருபத்திரண்டு எட்டு. குதிகாலை முதலில் வைத்து, பெருவிரலால் தரையை அழுத்தி, இடுப்பு சாயப்போகும் நேரம் பார்த்து வயிற்றை இறுக்கிக்கொண்டால் சாய்வு தெரியவில்லை. முதல் நாள் பத்து எட்டு முடிந்தது. மூன்றாம் நாள் போக, வர என்று ஒரு முழுச் சுற்று. அதற்கு மேல் கணுக்காலுக்குள் யாரோ ஊசியை விட்டுக் குடைவது போலிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் நிற்கும்வரை நின்று, மறுபடி நடப்பேன். தங்கைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பாள். "என்ன வீம்புடி இது" என்று ஒரு தரம் சொன்னாள். ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் அவளைக் கேட்டதுமில்லை.

ஐந்தாம் நாள் அப்பா ஆலையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். கையில் மூத்தவர் எழுதிக்கொடுத்த சீட்டு. என் கையில் யூனியனிலிருந்து வந்த தாள். டாக்டர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல ஊனம் எவ்வளவுன்னு கேட்டிருக்கு. இதுல நல்லா நடப்பாளான்னு கேட்டிருக்கு. ரெண்டையும் ஒரே காலுக்கு எழுத முடியாதும்மா. எது வேணும்?"

"ஊனம்னு எழுதுங்கய்யா" என்று அப்பா முந்திக்கொண்டார். "பிள்ளை ரொம்பச் சிரமப்படுது. வேலையெல்லாம் வேண்டாங்கய்யா."

டாக்டர் என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்தேன். நீளமான வராண்டா. ஒரு கோடியில் தண்ணீர்ப்பானை இருந்தது. அதுவரைக்கும் நடந்தேன். பின்கட்டைவிட அது நீளம் என்பது பாதி தூரம் போனபிறகுதான் உறைத்தது. திரும்பி வரும்போது அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவருக்குப் பின்னால். அப்பா என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். நான் சிரித்த முகமாக வைத்துக்கொண்டிருந்தேன், பல் தெரிய.

அந்த நேரத்தில் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவள் நடிக்கிறாள் அய்யா, வீட்டில் இவள் நடக்கிற லட்சணத்தை வந்து பாருங்கள் என்று. எட்டு எட்டாகப் பதினொரு பவுனை நான் அந்த வராண்டாவில் இறைத்துக்கொண்டு வருவது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பார், திறப்பார் என்று ஒவ்வொரு எட்டுக்கும் எதிர்பார்த்தேன். அவர் திறக்கவே இல்லை. நான் பக்கத்தில் வந்ததும் நகர்ந்து வழிவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடப்பே?" என்றார் டாக்டர்.

"அஞ்சு" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த அஞ்சு.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா, நம்பியது போல் இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தகுதி உண்டு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மூத்தவரின் சீட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார், அதில் ஒன்றும் எழுதவில்லை. வெளியே வந்ததும் அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பஸ் நிற்கும் இடம்வரைக்கும் திரும்பவில்லை. நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

சாயங்காலமே மூத்தவருக்குச் செய்தி போய்விட்டது. அவர் சந்தோஷப்பட்டார், அதுவும் உண்மையான சந்தோஷம். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே எழுதிட்டாரா, நல்லதாப் போச்சு" என்று சொல்லி ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் ஒரு தாம்பாளத்தில் வைத்து அனுப்பினார். கூடவே கல்யாணத்துக்கு வரச்சொல்லி வெற்றிலை பாக்கும்.

ஆச்சிதான் விடவில்லை. கல்யாணக் கூட்டம் கலைந்த மறுநாள் பின்கட்டுக்கு வந்தார், மடியிலிருந்து ஒரு பவுன் காசை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மத்தவுக குடுக்காட்டிப் போறாக. இது என் அரைப்புள்ளி. எடுத்துக்க."

எனக்கு அந்தக் காசைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. இதை வாங்கினால் கால் கெட்டுப்போனது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். யாராவது யூனியனில் போய்ச் சொல்லிவிட்டால்? "எனக்கு ஒண்ணுமில்லையே ஆச்சி" என்றேன்.

"ஏண்டி, எங்கிட்டயேவா? நேத்து பந்தியில எலை எடுக்கும்போது நீ நடந்ததை நா பாக்கலையா?"

"நீங்க சரியாப் பாக்கலை."

ஆச்சிக்கு வந்த கோபம்! "நொண்டலைங்குறவளுக்கு நா எப்படிடி ஈடு குடுக்க? போ, எப்படியும் போ. வீம்பு புடிச்ச கழுதை!" காசை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரமே அதை விற்று ஆசாரியைக் கூட்டிவந்து படிக்கட்டு முழுவதையும் மாற்றினார். ஒருவருக்கும் கடிதம் போடவில்லை, ஒருவரிடமும் கேட்கவில்லை. ஏன் இதை முன்பே செய்யவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். அவர் முகம் இருந்த இருப்பில் கேட்கவில்லை.

ஆவணி முடிய இரண்டு நாள் இருக்கும்போது வேலையில் சேர்ந்தேன். காலையில் ரயிலில் கல்லல், அங்கிருந்து கிராமங்களுக்கு நடை. வேலை நிரந்தரமாக இரண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் யாரும் என் நொண்டலைப் பார்க்கக்கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வரப்பில் ஆள் இல்லையென்றால் காலை இழுத்து இழுத்து நடப்பேன். தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் நிமிர்ந்துகொள்வேன். ஊரின் முதல் வீடு வரும்போது குதிகால், பெருவிரல், வயிறு. மாதர் சங்கத்துப் பெண்கள், "என்ன டீச்சர், இப்படி வெறப்பா நடக்குறீக, போலீஸ்ல இருந்தீகளா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுக் கீரை விதைப் பொட்டலத்தைப் பிரிப்பேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவ்வளவு வலியிலும் பிடித்திருந்தது.

அப்பா என்னிடம் பேசுவதில்லை. டாக்டரைப் பார்த்து வந்த அன்று நின்ற பேச்சு. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். "அவளைச் சாப்பிடச் சொல்லு." "அவளுக்கு ரயிலுக்கு நேரமாச்சான்னு கேளு." நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். கோபக்காரி நான், ஆனால் அந்த மௌனத்துக்கு எதிராக எனக்குக் கோபிக்கத் தெரியவில்லை. எத்தனையோ தரம் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன், வாய் வராமல் திரும்பியிருக்கிறேன்.

முதல் மாதச் சம்பளத்தை உறையோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். தலையிலும் புருவத்திலும் தவிடு. உறையை எடுத்துக் கண்ணில் ஒற்றி அம்மாவிடம் கொடுத்தார். எழுந்துபோகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"கால் வலிக்குதா ஆத்தா?"

என் காலுக்கு விலை பேசினார்கள், வகுத்துப் பார்த்தார்கள், தூணுக்குத் தூண் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், சீட்டு எழுதி முத்திரை குத்தினார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. அன்று ஏழு மைல் நடந்திருந்தேன், பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. அவர் மடியில் காலைத் தூக்கி வைத்து, பாருங்கப்பா, என்று அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்குள் வாய் பழகிப்போயிருந்தது.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு."

"சரி" என்றார் அப்பா. எழுந்து கைகால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அன்றிலிருந்து என்னிடம் நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார், எல்லாவற்றையும் பேசினார். காலைப் பற்றி மட்டும் பேசவில்லை. இன்னொரு தரம் கேட்க மாட்டாரா என்று அவர் இருந்த காலம் முழுக்கக் காத்திருந்தேன். கேட்கவே இல்லை.